கூட்டிப் பெருக்கிய மலை

அந்த வருடம் மாசி மாதம் ஈப்போவில் தொடங்கி காம்பார் வரைக்கும் எல்லாரும் மழையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோயிலில் மழைக்கென்று சிறப்பு அபிஷேகம் வைத்தார்கள். பள்ளிவாசலில் தனித் தொழுகை நடந்தது. சாப்பாட்டுக் கடைச் சீனர்கூட கோப்பி கலக்கும்போது வானத்தை அண்ணாந்து பார்த்து ஏதோ முணுமுணுத்தார். ஏழாங்கட்டையில் மங்களம் ஒருத்திதான் அம்மனிடம் தலைகீழாக வேண்டிக்கொண்டாள்.

"தாயே, இப்ப வேணாம். இன்னும் கொஞ்ச நாளு போகட்டும். அப்புறம் ஊத்து, நான் வேணாங்கல."

வேண்டி முடித்ததும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள். ஊரே கேட்கிற வரத்தை ஒருத்தி தடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் சும்மா விடுவார்களா? திருநீற்றை அவசரமாகப் பூசிக்கொண்டு வெளியே வந்தபோது, தெற்கே மலைத்தொடருக்கு மேல் ஒரு கறுத்த மேகம் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் வீட்டுக்கு எட்டி நடை போட்டாள்.

அவள் வீட்டுக்குப் பின்னால் மலை எரிந்துபோயிருந்தது. பெரிய மலை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் மலை என்றுதான் சொல்வோம். ஆனால் அந்தச் சரிவின் அடிவாரத்தில், சமையலறைச் சுவருக்கும் மலைக்கும் நடுவே துணி துவைக்கிற கல் ஒன்று போடுகிற அளவுக்குத்தான் இடம் விட்டு, மங்களத்தின் கணவர் கனகராஜ் வீட்டைக் கட்டியிருந்தார். மேலே மரமும் புல்லும் இருந்தவரைக்கும் அது குளிர்ச்சியான வீடு. இப்போது அண்ணாந்து பார்த்தால் கரிதான்.

ஏழாங்கட்டைத் தோட்டம் என்பது இன்றைக்குப் பெயரில் மட்டும்தான் தோட்டம். டவுனிலிருந்து ஏழாவது மைல்கல்லில் இருந்ததால் அந்தப் பெயர். கம்பெனி அதைத் துண்டு போட்டு விற்றபோது பெரும்பகுதி தாமான் என்கிற குடியிருப்பாகி, வரிசை வீடுகள் எழும்பின. வேலைக்காரர்கள் சிலர் சேர்ந்து, வீடு கட்டுகிறவன் வேண்டாம் என்று ஒதுக்கிய மேட்டு நிலத்தை வாங்கினார்கள். அதில் கனகராஜின் பங்கு இந்தச் சரிவு. வாங்கினாரே தவிர, அவர் ஈப்போ பக்கம் கல்லுடைக்கிற மலையில் வேலை பார்த்து ஓய்வு பெறுகிற வரைக்கும் அதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. பால் வற்றிய பழைய ரப்பர் மரங்களுக்கு நடுவே லாலாங் புல் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்தது. காய்ந்த லாலாங்குக்குத் தீப்பிடிக்க யாரும் பெரிய பாடுபட வேண்டியதில்லை. ரோட்டில் போன எவனோ சிகரெட்டைப் போட்டானா, குப்பை எரித்தார்களா, இதுவரை யாருக்கும் தெரியாது. போம்பா, தீயணைப்பு வண்டி, வந்து வீட்டை நனைத்துக்கொண்டே நின்றது. துவைக்கிற கல் வரைக்கும் வந்த நெருப்பு, காற்று திரும்பியதால் நின்றது.

தீ அணைந்த மறுநாள் பிச்சைமுத்து மோட்டார் சைக்கிளில் வந்தார். தோட்டம் இருந்த காலத்தில் அவர் மண்டோர், அதாவது ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. தோட்டம் போய் இத்தனை வருடமாகியும் அந்த வேலையை மட்டும் அவர் விடவில்லை.

"காடு புடிச்சுப் போச்சுன்னு நான் அப்பவே சொன்னேன்லா?" என்றார், வண்டியை விட்டு இறங்காமலே. "ஆள் இருக்கற எடம் எரியுமா, கனகு?"

எங்கள் ஆட்களிடம் கெட்ட வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் "காடு புடிச்சுப் போச்சு, ஆள் இல்லையா" என்கிற அந்த ஒன்றுக்கு நிகராக ஒன்றும் இல்லை. தோட்டத்தில் ஒருவனுடைய நெரையில், அதாவது அவன் பொறுப்பில் இருக்கிற ரப்பர் மர வரிசையில், புல் தெரிந்தால் துரை அதைத்தான் கேட்பார். கனகராஜின் அப்பா ஒருமுறை காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது எல்லார் முன்னாலும், அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றதை அவர் பார்த்திருக்கிறார். கனகராஜ் உள்ளே போய் பாராங் கத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் அந்த மனுசனுக்கு ஓய்வு இல்லை. வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே மலையில் ஏறிவிடுவார். கரிந்து விழுந்த மரங்களை வெட்டி, இழுத்து, கீழே ஒரு மூலையில் குவித்தார். சங்கோல் மண்வெட்டியால் சாம்பலை வழித்துத் தள்ளினார். மங்களமும் சும்மா இருக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கை அவித்து, நெத்திலிச் சம்பல் அரைத்து மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அவளும் சரிவைக் கூட்டினாள். இடையில் ஒருநாள் தூறல் போட்டு ஓய்ந்தது. அதில் அங்கங்கே மூன்று மூன்று இலையாகப் பச்சை முளைத்தது. கனகராஜ் குனிந்து குனிந்து ஒன்று விடாமல் பிடுங்கினார்.

கடைசியில் மலை பழனிக்கு மொட்டை போட்டுக்கொண்ட தலை மாதிரி ஆயிற்று. ஒரு சருகு இல்லை, ஒரு புல் இல்லை. மாலையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது, தீப்பிடித்த நாளிலிருந்து முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது.

"இப்ப எவன் வேணாலும் சிகரெட்ட போடட்டும்," என்றார். "எரியறதுக்கு என்னா இருக்கு?"

மங்களத்துக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததை வைத்து அவள் மட்டும் புத்திசாலி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மங்களத்தின் தங்கச்சி தினேஸ்வரி ஈப்போவிலிருந்து ரொட்டி சானாய் தாப்பாவ் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஒரு குத்தகைக்காரரிடம் வேலை. நெடுஞ்சாலை ஓரத்தில் வெட்டிய மேடுகளில் புல் பிடிக்க வைப்பது, தென்னைநார்ப் பாய் விரிப்பது, ஆள் வைத்து நீர் தெளிப்பது, எல்லாம் அவள் பொறுப்பு. வந்தவள் சமையலறை வழியாகப் பின்பக்கம் போனாள். போனவள் அப்படியே நின்றாள்.

"யாருக்கா மலைய கூட்டுனது?"

"மாமாதான். நானும்தான் கூட்டுனேன்," என்றாள் மங்களம், பாராட்டுக்குக் காத்திருப்பவள் போல.

"ஐயோ, அக்கா!"

அந்த ஐயோவில் கனகராஜ் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். தினேஸ்வரி கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியைத் திறந்து மண்ணில் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. சேம்பிலையில் விழுந்ததுபோல் முத்து முத்தாக உருண்டு, சாம்பல் தூளைப் பூசிக்கொண்டு, கீழே ஓடி, கனகராஜின் செருப்பில் வந்து நின்றது.

"பாத்தீங்களா மாமா? மண்ணு தண்ணி குடிக்கல. தீ பட்ட மண்ணு இப்புடித்தான் இருக்கும், எண்ணெ தேச்ச மாதிரி. பெரிய மழை வந்தா மேல விழுற தண்ணி அம்புட்டும் கீழதான் வரும். சும்மா வராது, மண்ணயும் இழுத்துக்கிட்டு வரும். கீழ என்னா இருக்கு? உங்க அடுப்படிதான் இருக்கு."

"மழை பேஞ்சா தண்ணி ஓடத்தானே செய்யும். ஒரு கான் வெட்டி விட்டுட்டா சரியாப் போச்சு."

"கான் தாங்காது மாமா. மேல அத தடுக்க ஏதாச்சும் இருக்கணும். சருகு, கட்டை, புல்லு, வேரு, ஏதாச்சும். நீங்கதான் ஒண்ணையும் விடலயே!" சொல்லிக்கொண்டே அவள் மூலையில் கிடந்த குவியலுக்குப் போனாள். பிடுங்கிப் போட்ட பச்சை வாடிக் கிடந்தது. ஒன்றை எடுத்து இலையைப் பிரித்தாள். "இது என்னான்னு தெரியல உங்களுக்கு? புல்லு இல்ல மாமா. தோட்டத்துக் கொடி. கன்னு வைக்கிற காட்டுல, மண்ணு ஓடாம இருக்க வெதைப்பாங்களே, அது."

கனகராஜ் வாங்கிப் பார்த்தார். அவருக்கா தெரியாது? தோட்டத்தில் பிறந்தவர். மறுநடவு செய்த காட்டில் தரை தெரியாமல் அது படர்ந்து கிடந்ததைப் பார்த்துத்தான் வளர்ந்தார். அந்த விதை ஓடு கெட்டியானது, எத்தனையோ வருடம் மண்ணுக்குள் செத்ததுபோல் கிடக்கும். நெருப்புச் சூட்டில் ஓடு வெடித்து, அந்தச் சின்னத் தூறலில் முளைத்துவிட்டது.

"கொடிதான். தெரியும்," என்றார் விறைப்பாக. "கொடின்னாலும் புடுங்கத்தான் செய்யணும். விட்டா மரத்துல ஏறி அமுக்கிடும். எங்கம்மா இத புடுங்கியே கை தேஞ்சு போச்சு."

"எந்த மரத்துல மாமா?" என்றாள் தினேஸ்வரி. "மரம் எங்க இருக்கு?"

மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். மொட்டை மலைக்குப் பின்னால் வெறும் வானம்தான் இருந்தது. அதிலும் மேகம் கூடிக்கொண்டிருந்தது. ரொட்டி சானாய் மேசையில் ஆறிப்போய்க் கிடந்தது, யாரும் தொடவில்லை.

அந்த வாரமே மண்சரிவைப் பார்க்கிற ஓர் அதிகாரி மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு வந்தார். மலாய்க்காரர், மரியாதையான ஆள். சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டாவது தடவையாக வீட்டுச் சுவரையும் மலையையும் பார்த்துவிட்டுச் சொன்னதன் சாரம் இதுதான்: முதல் பெரிய மழைக்கு மண் தங்கினால் இருக்கலாம். இறங்கினால் உடனே பிண்டா, வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஈப்போவில் அடுக்குமாடி வீடு ஒன்று தருவார்கள். பத்தாவது மாடி. மங்களம் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பத்தாவது மாடியில் துளசி எங்கே வைப்பது, இந்த மனுசனை எங்கே வைப்பது என்று அவளுக்கு நினைப்பு ஓடியது. மலையைக் கூட்டுகிற கை பத்தாவது மாடியில் எதைக் கூட்டும்? ஒரு மாதத்தில் ஆள் செத்துப்போவார் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது.

அன்று மாலையே அவள் தங்கச்சிக்குப் போன் அடித்தாள். "என்னா செய்யணும் சொல்லுடி. நான் செய்றேன்."

தினேஸ்வரி லீவு போட்டுவிட்டு வந்தாள். லாரி ஓட்டுகிற ராஜுவைப் பிடித்து, பாரிட் புந்தார் வயல்களிலிருந்து வைக்கோல் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கச் சொன்னாள். அங்கே அறுவடை முடிந்த நேரம். "எடுத்துக்கங்கக்கா, விட்டா அங்கேயே கொளுத்திருவானுங்க," என்று சொல்லிக்கொண்டே ராஜு கட்டுகளை உருட்டிவிட்டான்.

கொளுத்துவது என்ற சொல் கனகராஜின் காதில் விழுந்துவிட்டது. அவர் வைக்கோலுக்குக் குறுக்கே போய் நின்றார்.

"நெருப்புக்கு நீங்களே சோறு போடுறீங்களா? புல்லு கெடந்துச்சு, அதனாலதான் எரிஞ்சுது. நான் ஒத்தையா நின்னு எல்லாத்தையும் வழிச்சு எடுத்திருக்கேன். இப்ப லாரி வச்சு சருக கொண்டாந்து கொட்டுறீங்க!"

"மழை வரலன்னா எரியலாம் மாமா, இல்லன்னு சொல்லல," என்றாள் தினேஸ்வரி. "ஆனா மேல பாருங்க. மழைதான் மொதல்ல வரப்போகுது."

"நான் உசுரோட இருக்கற வரைக்கும் என் மலையில குப்பை விழாது."

அப்போதுதான் மங்களம் அதைச் செய்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கணவரிடம் தனக்கென்று ஒரு மீன்துண்டைக்கூடப் பிரித்துக் கேட்காதவள், உள்ளே போய் ஒரு சிவப்பு ராஃபியா கயிற்றுச் சுருளை எடுத்து வந்தாள். வீட்டின் நடுச்சுவருக்கு நேராக ஒரு முளை அடித்து, கயிற்றைக் கட்டி, சேலையை வரிந்துகொண்டு மலை உச்சி வரைக்கும் இழுத்துப் போனாள்.

"அடுப்படிக்கு மேல உள்ளது என் பாதி," என்றாள் மூச்சு வாங்க. "படுக்குற ரூமுக்கு மேல உள்ளது உங்க பாதி. உங்கள்த நீங்க கூட்டுங்க. என்னோடதுல யாரும் விளக்குமாறு போடக்கூடாது."

கனகராஜ் கயிற்றைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தன் பாதியில் ஏறி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மண்ணை இன்னொரு தடவை வழிக்க ஆரம்பித்தார். கோபத்தைக் காட்ட அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்காவும் தங்கச்சியும் வேலையில் இறங்கினார்கள். எரிக்கக் குவித்திருந்த கரிக்கட்டைகளைத் திரும்ப மேலே இழுத்தார்கள். கீழே கொண்டுவர எவ்வளவு பாடோ அதைவிட இரண்டு மடங்கு பாடு. "மேலருந்து கீழ போடாதக்கா, நெரை மாதிரி குறுக்க போடு," என்று தினேஸ்வரி சொல்லச் சொல்ல, மங்களம் கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே கிடத்தினாள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழ்ப்பக்கம் முளை அடித்து, இடுக்கில் மண்ணைத் திணித்தார்கள். எண்ணெய் தேய்த்த மண்ணைச் சங்கோலால் குறுக்குவாட்டில் கீறிவிட்டார்கள். அதன்மேல் வைக்கோலை உதறிப் பரப்பி, காற்றில் பறக்காமல் கயிறு கட்டினார்கள். மங்களத்தின் கை, முகம், சேலை எல்லாம் கரி. மாலையில் குளித்தால் ஓடுகிற தண்ணீர் கறுப்பாக ஓடியது. இருமினால் அதுவும் கறுப்பு.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கனகராஜ் மண்ணை வழித்துக்கொண்டே இருந்தார். மங்களம் பால் விடாமல் கோப்பி ஓ கலந்து, கயிற்றுக்கு மேலாக நீட்டுவாள். வாங்கிக் குடித்துவிட்டு, கயிற்றுக்கு மேலாகவே குவளையைத் திருப்பிக் கொடுப்பார். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் பரட்டை. பிச்சைமுத்துவும் பார்த்தார். "கனகு, ஒம்பக்கம் பரவால்லலா," என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்களுக்கு இது வேடிக்கை. மங்களத்துக்கு வானத்திலேயே கண். இடி எங்கோ உறுமினால் அடுப்பை விட்டுப் பின்வாசலுக்கு ஓடினாள். மத்தியானத் தூக்கத்தில் கனகராஜ் புரண்டு படுத்தால் மண் நகர்ந்ததாக நினைத்து எழுந்து உட்கார்ந்தாள். பீரோவைப் படுக்கையறையிலிருந்து முன்பக்கம் தள்ளி வைத்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று.

மங்களத்தின் பாதியில் கட்டையும் வைக்கோலும் முடிந்தன. கொஞ்சம் கட்டுகள் மிஞ்சி, முன்வாசலில் படங்குத் துணிக்கு அடியில் கிடந்தன. விதை மட்டும் தூவவில்லை. தினேஸ்வரி கொண்டுவந்த கொடி விதையை அன்று மத்தியானம் வெந்நீரில் ஊற வைத்திருந்தார்கள், ஓடு இளகட்டும் என்று. மாலையில் தூவலாம் என்று நினைத்தார்கள்.

மாலைக்கு முன்னாலேயே மழை வந்துவிட்டது.

முதலில் காற்று. பிறகு தாமான் வீடுகளின் தகரக் கூரைகளில் தடதடவென்று சத்தம் இந்தப் பக்கமாக ஓடி வந்தது. அங்கே யாரோ சந்தோஷத்தில் கத்துவதும் கேட்டது. கேட்ட மழை அல்லவா! மங்களமும் தினேஸ்வரியும் பின்வாசலில் நின்றார்கள். மழை மலையில் அறைந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. பிறகு வைக்கோல் பக்கத்திலிருந்து தண்ணீர் கசிந்து கசிந்து, தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கறுப்பாகக் கொட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொட்டைச் சரிவில் விரல் தடிமனில் கோடுகள் விழுந்தன. கோடுகள் வாய்க்கால்களாயின. கனகராஜ் தன் பக்கம் வெட்டியிருந்த கான் இருந்த இடமே தெரியவில்லை. படுக்கையறைச் சுவரில் சேறு தொப்பென்று விழுந்தது. அடுத்தது, அடுத்தது.

"மாமா எங்கக்கா?"

கனகராஜ் சங்கோலோடு தன் பாதியில் பாதி தூரம் ஏறியிருந்தார். தண்ணீரை வெளிப்பக்கம் திருப்பிவிட வெட்டிக்கொண்டிருந்தார். வெட்ட வெட்ட அந்த இடமே கரைந்து இறங்கியது.

"என்னாங்க! எறங்குங்க! வீடு போனா போகட்டும், எறங்குங்க!" மங்களம் அலறினாள். வீட்டுக்காகத்தான் இத்தனை நாளும் தவித்தாள். அந்த நேரத்தில் வீடு அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அவர் திரும்பினார். காலுக்கடியில் மண் விட்டது. சங்கோல் ஒரு பக்கம் பறக்க, மல்லாந்து விழுந்து, சேற்றோடு சேர்ந்து சறுக்கி வந்தார். கை எதையாவது பிடிக்கத் துழாவியது. அவர் பாதியில் பிடிக்க ஒன்றுமில்லை. ஒரு வேர்கூட விடாமல் அவரே எடுத்திருந்தார். கயிற்றுப் பக்கமாகச் சறுக்கின வேகத்தில் அது வயிற்றில் மாட்டி, உடம்பு இந்தப் பக்கம் புரண்டு, குறுக்கே கிடந்த ஒரு கரிக்கட்டையில் நெஞ்சு மோதி நின்றார். கட்டை ஆடியது. முளை தாங்கியது. எரிக்கக் குவித்த கட்டைகளில் ஒன்று அது.

மங்களம் முழங்காலால் ஏறிப்போய் அவர் சட்டையைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் இருவரும் வைக்கோலில் கிடந்தார்கள். அவர் கண்ணைத் திறந்து, பக்கத்தில் தன் மலை கறுப்பாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"மங்களம்," என்றார். "வைக்கோலு மிச்சம் இருக்கா?"

மூன்று பேரும் மழையிலேயே கட்டுகளைச் சுமந்தார்கள். உச்சிக்குப் போக முடியாது என்று தினேஸ்வரி தடுத்துவிட்டாள். அடிவாரத்தில், சுவருக்கு மேலே, எட்டிய இடம் வரைக்கும் அடுக்கினார்கள். வைக்கோல் தீர்ந்ததும் படங்கு. படங்குக்கு மேல் கட்டை. அதுவும் போதாமல் கனகராஜ் உள்ளே போய், தன் தலைக்கு மேல் இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கி வந்து, வாய்க்காலின் வாயில் போட்டு, அதன்மேல் தானே உட்கார்ந்தார். ஒரு சுருக்கம் விழுந்தாலும் தூங்காமல் தட்டிப் போடுகிற மனுசனுடைய மெத்தை அது.

மழை விட்டபோது சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. சுவர் நின்றது. படுக்கையறைக்குள் கணுக்கால் மூழ்கச் சேறு. சமையலறை நனையக்கூட இல்லை. ஊற வைத்த விதை மூடி கலையாமல் அப்படியே இருந்தது.

மறுநாள் மங்களம் சேற்றை அள்ளி ரோட்டோரக் கானில் கொட்டப் போனாள். கனகராஜ் வாளியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க கொண்டு போற? நம்ம மண்ணுலா இது."

படுக்கையறையிலிருந்து வாளி வாளியாக அள்ளி, மலைக்கே கொண்டுபோய், புதிதாகக் கிடத்திய கட்டைகளின் பின்னால் கொட்டினார். நெஞ்சில் கட்டை மோதிய இடம் கன்றிப்போய், குனியும்போதெல்லாம் முனகினார். நிறுத்தச் சொன்னால் கேட்டால்தானே! ராஜு மறுபடியும் வைக்கோல் கொண்டுவந்தான். அவர் பாதியிலும் கட்டைகளைக் குறுக்கே போட்டார்கள். விதையை ஒரு பிடி எடுத்து அவர் கையில் தினேஸ்வரி வைத்தபோது, அவர் அதை விரலால் புரட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா இருந்தா சிரிக்கும்," என்றார். பிறகு தூவினார்.

மஞ்சள் மேலங்கி அதிகாரி திரும்ப வந்தார். இரண்டு பாதியையும் படம் எடுத்தார். வெடிப்பைத் தடவிப் பார்த்தார். இப்போதைக்கு இருங்கள், வருடக் கடைசி மழைக்கு அப்புறம் மறுபடி வந்து பார்க்கிறேன் என்றார். இது விடுதலையா, வாய்தாவா என்று மங்களத்துக்குப் புரியவில்லை. ஐப்பசி மழையை நினைத்தால் இன்னமும் அவளுக்குப் பயம்தான். அம்மனிடம் என்ன கேட்பது என்றும் குழப்பம். மழை இல்லாவிட்டால் கொடி பிடிக்காது, மழை அதிகமானால் மண் தங்காது. "பாத்து ஊத்து தாயே," என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

கொடி முதலில் அவள் பாதியில்தான் முளைத்தது, பிறகு அவர் பாதியில். மூன்று மூன்று இலையாக வந்து, வைக்கோலை மூடி, கட்டைகளின் மேல் ஏறி, சிவப்புக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு போயிற்று. நடுவில் லாலாங்கும் கூர்கூராகத் தலை நீட்டியது. கனகராஜ் காலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதை மட்டும் வேரோடு தோண்டி எடுப்பார். கை பழக்கத்தில் கொடியிலும் போய்விடும். போன கையைத் தானே இழுத்துக்கொள்வார். சில நாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்வாசல் வரைக்கும் போய், நின்று, முன்வாசலைக் கூட்டிவிட்டு வருவார்.

அப்படி ஒரு காலையில் பிச்சைமுத்துவின் மோட்டார் சைக்கிள் ரோட்டில் வந்து நின்றது. வண்டியைவிட்டு இறங்காமல் அவர் மலையை அண்ணாந்து பார்த்தார். அந்தக் காலத்து மண்டோர் குரல் அப்படியே எழும்பியது.

"என்னா கனகு இது! முழுசா காடு புடிச்சுப் போச்சு! வீட்டுல ஆள் இல்லையா?"

சமையலறையில் மங்களத்தின் கை வாணலியிலேயே நின்றுவிட்டது. பாராங் சன்னல் கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வந்து அதை எடுப்பார், எடுத்தால் தடுக்கத் தன்னிடம் இனி ஒரு கயிறுகூட இல்லை என்று நினைத்தாள். எண்ணெயில் கடுகு கருகியது.

மலையில் கனகராஜ் மெதுவாக எழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். முழங்கால் வரைக்கும் கொடி.

"ஆள் இருக்குலா, அண்ணே!" என்று கத்தினார். "ஆள் இருக்கறதுனாலதான் கொடி நிக்குது!"